ஆணியில் தொங்கும் கைகள்

(கிளைத் தலைவர்கள், மாதர் தலைவிமார்களுக்கான ஒருநாள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், கொழுந்து நிறை, காணி, வீடு என்று பேச எவ்வளவோ இருக்க, டீச்சர் ஏன் செயற்கைக் கையைப் பற்றிப் பேச எழும்புகிறார் என்று சிலர் யோசிப்பீர்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்மையில் ஒரு தோட்ட நிர்வாகத்திடமிருந்து நமது சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ரோலரில் வலது கையைப் பறிகொடுத்த ஒரு ஸ்டோர் தொழிலாளிக்கு அவர் செய்யக்கூடிய வேலை கொடுங்கள் என்று நாம் கேட்டிருந்தோம். அதற்குப் பதில்தான் அது. அவருக்குச் செயற்கைக் கை கிடைத்துவிட்டது, அதை உபயோகிக்க அவர் மறுக்கிறார், ஆகவே அவருக்கு வேலைக்குத் திரும்ப விருப்பமில்லை என்று நிர்வாகம் கருதுகிறது, இதுதான் கடிதத்தின் சாரம்.

நான் அந்த அண்ணனின் லயத்துக்குப் போனேன். கை காம்பராச் சுவரில் ஆணியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். சொக்கெட் நன்றாக இருந்தது. கொக்கி நன்றாக இருந்தது. முதுகுப் பக்கத்து வாரிலிருந்து கொக்கிக்கு வருகிற கேபிள் கம்பி மட்டும் நுனியில் அறுந்து போயிருந்தது. அறுந்து ஒரு வருடத்துக்கு மேலாம். "ஏன் அண்ணே போய் மாத்தல்ல?" என்று கேட்டேன். "கொழும்புக்குப் போக ரெண்டு நாள் பேர் போகும் டீச்சர். ஒத்தக் கையோட தனியா பஸ்ல தொங்க ஏலாது. கூட வர்ற ஆளுக்கும் ரெண்டு பேர் போகும். கம்பி வெலைய விட போற வர்ற செலவு பெருசு" என்றார்.

கடிதத்தில் "மறுக்கிறார்" என்று எழுதப்பட்ட விஷயம் ஒரு சாண் கம்பி. அந்தக் கம்பி நமக்குப் பிரச்சினை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

நான் வைத்தியரும் இல்லை, டெக்னீசியனும் இல்லை. சங்க வேலையாகத் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு செயற்கை அவயவ நிலையங்களுக்குப் போய், வாங்கில் காத்திருந்த நேரத்திலெல்லாம் அங்குள்ள தொழில்நுட்ப ஆட்களைக் கேள்வி கேட்டுக் கேட்டு ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர் வேலை பழக்கம், கேள்வி கேட்டால் விடமாட்டேன்.

ஒரு விஷயத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் செயற்கைக் கால் செய்வதில் நல்ல அனுபவம் இருக்கிறது. கொழும்பு பிரண்ட் இன் நீட் சொசைட்டி 1985இல் ஜெய்ப்பூர் கால் வேலையைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் வந்தது. 2004இல் ராகமையில் இந்தத் தொழிலைப் படிப்பிக்கிற பாடசாலையே தொடங்கினார்கள். யுத்தமும் கண்ணிவெடியும் காலைத்தான் அதிகம் தின்றன. இப்போது சீனி வருத்தமும் காலைத்தான் அதிகம் எடுக்கிறது. ஆகவே நிலையங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலுக்கு வருகிறவர்கள். கைக்கு வருகிறவர்கள் கொஞ்சம்தான். வருகிறவர்கள் கொஞ்சம் என்றால் இராக்கையில் உதிரிப்பாகமும் கொஞ்சமாகத்தான் இருக்கும். கொக்கியின் ரப்பர் வளையத்துக்கும் மணிக்கட்டு வொஷருக்கும் வெளிநாட்டு ஓடர் வரும்வரை காத்திருக்க நேரிடலாம். இதில் அந்த நிலையங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அங்கே இருக்கிறவர்கள் நம்மவர்களை மரியாதையாக நடத்துகிறார்கள். ஆனால் ரோலர், சிடிசி மெஷின், டிரையர் பெல்ட், புல்வெட்டும் மெஷின் எல்லாம் கையைத்தான் பிடிக்கும். நமது தேவை நாட்டின் பொதுத் தேவையைவிட வித்தியாசமானது. அதை நாம் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இனி அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முழங்கைக்குக் கீழே கையை இழந்தவருக்குக் கொடுக்கும் சாதாரண வேலைக் கையில் மின்சாரமும் இல்லை, மந்திரமும் இல்லை. மீதிக் கை நுழைகிற பிளாஸ்டிக் கூடுதான் சொக்கெட். அதன் முனையில் மணிக்கட்டுப் பூட்டு. அதில் திருகி மாட்டிய இரட்டைக் கொக்கி. முதுகில் எட்டு வடிவத்தில் ஒரு வார், நல்ல கையின் கக்கத்தைச் சுற்றிப் போகும். அந்த வாரிலிருந்து ஒரு கேபிள் கொக்கிக்கு. தோளை முன்னுக்குத் தள்ளினால் அல்லது கையை முன்னே நீட்டினால் கேபிள் இழுபடும், கொக்கி திறக்கும். தோளைத் தளர்த்தினால் கொக்கியின் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையங்கள் கொக்கியை மூடும். பிடிக்கிற பலம் தோளிலிருந்து வருவதில்லை, ரப்பரிலிருந்து வருகிறது. ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ பிடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு வளையம் போட்டால் நாலு மடங்கு. ஆனால் அதைத் திறக்கத் தோளும் நாலு மடங்கு இழுக்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்கிறவர் எத்தனை வளையம் தாங்குவார் என்று அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரட்டைக் கொக்கியைக் கண்டுபிடித்தவர் ஒரு டாக்டரோ விஞ்ஞானியோ இல்லை. அமெரிக்காவில் மர ஆலையில் தன் கையை இழந்த டொரன்ஸ் என்ற மனிதர். கடையில் விற்ற கைகள் வேலைக்கு உதவாததால் தானே ஒன்று செய்து 1912இல் காப்புரிமை எடுத்தார். நூறு வருடத்துக்கு மேலாகியும் உலகம் முழுக்க அந்தக் கொக்கியின் வழிவந்தவைதான் பாவனையில் இருக்கின்றன. பார்க்க அழகில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள். கொக்கியைப் போட்டவர் தேத்தண்ணிக் கோப்பை பிடிப்பதையும் மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பதையும் பார்த்தால் அந்தச் சுளிப்புப் போய்விடும்.

எங்கே பழுதாகிறது? முதல் இடம் கேபிள். நடுவில் அறாது. கம்பி வளைகிற நுனியில், குண்டு பொருத்திய இடத்தில், ஒவ்வொரு இழையாக அறும். பல இழைகளை முறுக்கிய கம்பி அது, திரீவீலர் கிளட்ச் கம்பி மாதிரி. ஒரு இழை அறுந்து வெளியே நீட்டினால் விரலில் குத்தும். அன்றைக்கே கணக்கெடுங்கள், கம்பி முழுதாக அறும்வரை பார்த்திருக்க வேண்டாம். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தில் வைத்து இரண்டு நுனியையும் விரலால் தடவிப் பார்த்தால் போதும். கம்பி ஓடுகிற குழாயின் உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயில் தேயிலைத் தூசு ஒட்டிக் களியாகிவிடும். ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

அறுந்த கம்பிக்கு சைக்கிள் பிரேக் கம்பி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே வகை அமைப்புத்தான், பவுடன் கேபிள் என்பார்கள். வெளிக்குழாயின் உள்ளே கம்பி ஓடும். நிலையத்துக்குப் போகும்வரை தற்காலிகமாகப் போடலாம். ஆனால் தடிப்பு ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் தடித்த கம்பியைத் திணித்தால் குழாயில் உரசி இழுக்கப் பாரமாகும், பிறகு தோள் வலிக்குது என்று கையைக் கழற்றி வைப்பார்கள். வெட்டிய நுனி கூராக இருந்தால் சட்டையைக் கிழிக்கும், தோலையும் கிழிக்கும். சைக்கிள் கடைக்காரரிடம் நுனிக்குத் தொப்பி போட்டு வாங்குங்கள். நான் சொன்ன அந்த அண்ணனுக்கு அப்படித்தான் டவுனில் ஒரு சைக்கிள் கடையில் கம்பி போட்டோம். பழைய கம்பியைக் கொண்டுபோய் நீளம் அளந்து போட்டார்கள். நீளம் அரை அங்குலம் பிசகினாலும் கொக்கி முழுதாகத் திறக்காது, அல்லது முழுதாக மூடாது. அறுந்த கம்பியை வீசிவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான், அதுதான் அளவுகோல். அவர் இப்போது கையைப் போடுகிறார். நிலையத்துக்குப் போக நாளும் எடுத்திருக்கிறோம், அங்கே சரியான கம்பி போடுவார்கள்.

அடுத்தது ரப்பர் வளையம். ரப்பர் கிழமாகும், வெடிக்கும், தளரும். எண்ணெய் பட்டால் சீக்கிரம் ஊதிப் போகும். கொக்கியின் மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடும்போது வளையத்தில் படாமல் பார்க்க வேண்டும், பட்டால் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நமது குளிருக்கு அது உறைந்து மூட்டில் பிசினாக நிற்கும். வளையம் கிடைக்காத இடங்களில் பழைய சைக்கிள் டியூப்பை வட்ட வட்டமாக வெட்டிப் போடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறது. ஒரே அகலத்தில் வெட்டுவதுதான் கஷ்டம், ஒன்று அகலம் ஒன்று ஒடுக்கம் என்றால் பிடி நாளுக்கு நாள் மாறும். கொக்கியின் உள்பக்கத்தில் வழுக்காமலிருக்க ஒட்டியிருக்கும் ரப்பர் தேய்ந்தால் கண்ணாடிக் கிளாஸ் நழுவும், சூடான கேத்தல் நழுவும். தேய்ந்த கொக்கியோடு அடுப்படிக்குப் போவது ஆபத்து.

மணிக்கட்டுப் பூட்டில் ஒரு வொஷர் இருக்கும். அது தேய்ந்தால் கொக்கி தானாகத் திரும்பும், தண்ணீர் வாளி சரியும். கொக்கியைக் கழற்றி மாட்டும்போது மரை பிசகாமல் மாட்ட வேண்டும். அவசரத்தில் கோணலாகத் திருகி மரையைத் தின்ன வைத்தால் சின்னப் பழுது பெரிய பழுதாகும். மண் வேலை செய்தால் அன்று இரவே அந்த இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள்.

வாரைப் பற்றிப் பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நினைத்தேன், இங்கேயே சொல்கிறேன். வார் தேய்ந்து அறுவதற்கு முன்பு நாற்றத்தால்தான் கைவிடப்படுகிறது. கக்கத்து வியர்வை முழுக்க அதில்தான். நாற்றம் வருகிறது என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கையையே கழற்றி வைத்த அக்காமார் இருக்கிறார்கள். வாரைக் கழற்றிச் சாதாரண சவர்க்காரத்தில் கையால் தோய்க்கலாம். ஆனால் கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கிளும் எந்த இடத்தில் நிற்கிறது என்று பேனையால் கோடு போடுங்கள், பிள்ளைகளிடம் சொல்லி போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அந்த இடம் மாறினால் கை வேலை செய்யாது, அதைத் திரும்ப அமைக்க மறுபடியும் ஒரு கொழும்புப் பயணம். உள்ளே ஒரு பனியன் போட்டு அதன்மேல் வார் போட்டால் வியர்வை பாதி குறையும். கக்கத்தில் வார் அறுத்தால் மெத்தென்ற துணியை உறையாகத் தைத்துப் போடலாம். நமது லயத்தில் தைக்கத் தெரியாத ஆள் யார்? ஆனால் நல்ல கையின் விரல் மரத்துப்போனால் அது துணி சுற்றிச் சமாளிக்கிற விஷயமில்லை, வார் நரம்பை அழுத்துகிறது, நிலையத்துக்குப் போக வேண்டும்.

தையல் விட்ட வார், ஆணி கழன்ற தோல் பட்டி, இவற்றை டவுனில் சப்பாத்துத் தைக்கிறவர் செய்வார், பழைய இடத்திலேயே தைக்கச் சொல்லுங்கள். சைக்கிள் கடை, தையல்காரர், சப்பாத்துத் தைக்கிறவர், இந்த மூன்று பேரும் நமக்குப் பக்கத்தில் இருக்கிற வைத்தியர்கள். ஆனால் சொக்கெட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. சொக்கெட் வெடித்தால் பசை வாங்கி ஒட்டுகிறார்கள். பல கைகள் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு உலகம் முழுக்கப் பரப்பிய முறை அது. நம் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையும் பேசினும் அந்த வகைதான். வெடித்த கதிரையைப் பசை போட்டு ஒட்டி யாராவது வெற்றி கண்டிருக்கிறீர்களா? அந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. ஒட்டியதாக நினைத்துப் பாரம் தூக்கும்போது திறந்து, வெடித்த விளிம்பு சதையைக் கிள்ளும். அடுப்பில் வாட்டி வளைத்துச் சரிசெய்வதும் கூடாது. மழையில் நனைந்து வந்த கையை அடுப்புக்கு மேல் பரணில் காயப்போடுவதையும் பார்த்திருக்கிறேன், விறகோடு விறகாக. சூட்டில் சொக்கெட்டின் வடிவம் கொஞ்சம் மாறினால் போதும், மறுநாள் போட்டவருக்குப் புண் வரும். நனைந்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில், காற்றில் வையுங்கள். நமது மலையில் ஜூன், ஜூலை மாதங்களில் எதுவுமே காயாது என்பது எனக்கும் தெரியும். தோல் பட்டி இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்து உள்ளே பழைய பத்திரிகையைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை இழுக்கும்.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும், கையைப் பேணுவது என்றால் பாதி அதுதான். மீதிக் கையை இரவில் கழுவ வேண்டும், காலையில் கழுவி உடனே போட்டால் ஈரத் தோல் சொக்கெட்டில் ஒட்டி உரியும். சொக்கெட்டின் உட்பக்கத்தையும் இரவில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து வையுங்கள். உள்ளே போடும் துணி உறையைத் தினமும் மாற்றுங்கள், இரண்டு மூன்று உறை இருந்தால்தான் இது முடியும், ஒன்றுதான் தந்தார்கள் என்றால் கேட்டு வாங்க வேண்டும். கையைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த அடையாளம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாமல் நின்றால் அந்த இடத்தில் சொக்கெட் அழுத்துகிறது. கொப்புளம் வந்தால் ஆறும்வரை கையைப் போடக் கூடாது. இதை டிஸ்பென்சரியில் காட்டுங்கள், களிம்பு தருவார்கள். களிம்பு சொக்கெட்டைத் திருத்தாது என்பதையும் ஞாபகத்தில் வைத்து நிலையத்துக்கும் அறிவியுங்கள். முதல் வருடத்தில் மீதிக் கை வற்றி மெலியும். அப்போது சொக்கெட் லொடலொடக்கும். அது யாருடைய தவறும் இல்லை. உறையைக் கூட்டிப் போட்டுப் பார்த்து, அதற்கும் மேல் தளர்ந்தால் புதுச் சொக்கெட் வேண்டும். அதாவது ஒரு தடவை கை கொடுத்ததோடு கணக்கு முடிவதில்லை. பெரியவர்களின் கையே சில வருடங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது, பிள்ளைகளுக்கு வளர வளர மாற்ற வேண்டும்.

பிள்ளை என்றதும் என் வகுப்பில் படித்த ஒரு மகளைச் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. ஒரு முகாமில் அழகுக்காக ஒரு கை கொடுத்தார்கள், விரல் அசையாது, மேலே தோல் நிறத்தில் கையுறை. முதல் வாரம் அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இரண்டு மாதத்தில் அந்தக் கை புத்தகப் பைக்குள் போய்விட்டது. கையுறையில் பேனை மை, கறி மஞ்சள், பத்திரிகை மை எல்லாம் ஏறி, கழுவினாலும் போகவில்லை. மற்றப் பிள்ளைகள் "ஊத்தக் கை" என்று கூப்பிட்டார்கள். அந்த மலிவான பிவிசி கையுறை கறையை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே போன மை திரும்பி வராது. பட்ட உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவினால் கொஞ்சம் தப்பலாம். பெற்றோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் கையுறை விறைத்து வெடிக்கும், அவளுடைய அப்பாவின் முயற்சி அப்படித்தான் முடிந்தது, பாவம் அந்த மனுசன். சிலிக்கோன் கையுறையில் கறை அவ்வளவு பிடிக்காது, ஆனால் விலை கூட, இலகுவில் கிழியும். கையுறை என்பது செருப்பைப் போலத் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள். முகாமில் கை கொடுத்தவர்கள் இரண்டாவது கையுறை ஒன்று கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை அதைப் போட்டிருப்பாள். படம் எடுக்க நாலு கமரா வந்திருந்தது.

இந்த இடத்தில் மின்சாரக் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டு இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். மீதிக் கையின் தசை இறுகும்போது தோலில் வருகிற மிகச் சிறிய மின்சாரத்தை உணர்ந்து மோட்டர் ஓடுகிற கை அது. நல்ல கண்டுபிடிப்புத்தான், எழுத்து வேலை, கணக்கு வேலை செய்கிறவருக்கு உதவும். ஆனால் தண்ணீரும் தூசும் பெரும்பாலான மின்சாரக் கைகளுக்கு எதிரி. பற்றரியைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் போடாமல் வைத்தால் பற்றரியே செத்துவிடும். மலையில் மழைக்குள் நிற்கிறவருக்கும் டிரையர் பக்கத்தில் நிற்கிறவருக்கும் என் அபிப்பிராயத்தில் கொக்கிதான் சரி. யாராவது அரசியல்வாதியோ வெளிநாட்டு அன்பரோ அப்படிக் கை தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. பழுதானால் நாட்டுக்குள்ளே யார் திருத்துவார், பற்றரி எங்கே வாங்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"தொழிலாளி மறுக்கிறார்" என்ற குற்றச்சாட்டு நமது தோட்டத்துக்கு மட்டும் உரியதில்லை. இருபத்தைந்து வருட ஆய்வுகளைத் திரட்டி 2007இல் வெளியான ஒரு மீளாய்வைப் படித்தேன். வசதியான நாடுகளிலேயே செயற்கைக் கை பெற்ற பெரியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் அதைக் கைவிடுகிறார். கேபிள் கையானாலும் மின்சாரக் கையானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளைகளில் கைவிடுவது இன்னும் அதிகம். பாரம், சூடு, வியர்வை, பொருந்தாமை, பழுது என்று காரணங்கள். கை வேண்டாம் என்று தீர்மானிக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு, ஒற்றைக் கையாலேயே எல்லாம் செய்யப் பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாம் வற்புறுத்தக் கூடாது. ஆனால் வேண்டாம் என்கிறவர் வேறு, பழுது பார்க்க வழியில்லாதவர் வேறு. நிர்வாகம் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக் கடிதம் எழுத நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது என்று தலைவர் கண்ணைக் காட்டுகிறார், ஆனாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். வேலையில் விபத்து நடந்தால் முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். 2022இல் திருத்தி, உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். கோரிக்கையை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் ஆஸ்பத்திரி, புண், கை பொருத்துவது என்று அலைந்து அந்த இரண்டு வருடத்தையும் கரைத்துவிடுகிறார்கள். "கை வந்த பிறகு பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கை வருவதற்கும் கோரிக்கைக்கும் சம்பந்தமில்லை.

நட்டஈடு ஒரே தடவையில் வருகிற பணம். நான் பார்த்த குடும்பங்களில் அது கடனுக்கும் கூரைக்கும் மகளின் கலியாணத்துக்கும் போய்விட்டது. போகட்டும், அது அவர்களுடைய பணம். ஆனால் கை மாதம் மாதம் செலவு வைக்கிறது. ஆகவே நிர்வாகத்தோடு பேசும்போது பழுதுபார்ப்பையும் மாற்றுவதையும் நட்டஈட்டோடு கலக்காமல் தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நிலையத்துக்குப் போகிற நாளுக்கு முழுப் பேர், கூடப் போகிறவருக்கும் முழுப் பேர், பயணச் செலவு, தேய்கிற பாகங்களின் விலை. சம்பளம் 2021இல் சம்பளச் சபைக்குப் போன பிறகு கூட்டு ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுதி வாங்குகிற வழி பழையபடி இல்லை. தோட்டம் தோட்டமாக எழுத்தில் உடன்பாடு கேட்பதுதான் இப்போதைக்கு வழி. சின்னச் செலவு என்பதால் ஒரு துரையாவது சம்மதிப்பார், அதைக் காட்டி மற்றத் தோட்டத்தில் கேட்கலாம். அரசாங்கத்திடமும் கேட்க இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. உதவிச் சாதனங்கள் கிடைக்கச் செய்வதையும் மக்கள் அவற்றைப் பற்றி அறிந்து உபயோகிக்கச் செய்வதையும் ஊக்குவிக்க வேண்டும் என்று அதன் 26ஆம் உறுப்புரை அரசுகளைக் கட்டுகிறது. மாதம் ஒரு தடவை நடமாடும் பழுதுபார்ப்புச் சேவை ஒன்று மலைநாட்டுக்கு வந்தால் நமது ஆட்கள் கொழும்புக்கு ஏறி இறங்கத் தேவையில்லை. இந்தக் கோரிக்கையைப் பிரதேச செயலகத்துக்கு எழுத வரைவு தயாராக இருக்கிறது.

ஒரு தோழர் காலையில் என்னிடம் சொன்னார், "டீச்சர், அறுந்த கையைப் பழுது பார்க்கிறதைப் பேசுறீங்க, கை அறாம இருக்கிறதைப் பேசுங்க" என்று. நியாயம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான மெஷின் பாகங்களுக்கு மூடி இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால், யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். அடுத்த கருத்தரங்கில் முழு நேரமும் அதற்கே ஒதுக்கக் கேட்டிருக்கிறேன். அதற்கிடையில் ஏற்கெனவே கையை இழந்தவர்கள் நம்மோடுதான் லயத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாக வேலை. வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உங்கள் டிவிசனில் செயற்கைக் கை வைத்திருப்பவர், வைத்திருந்து போடாமல் விட்டவர், கை வேண்டியிருந்தும் கிடைக்காதவர், பிள்ளைகள் உட்பட, எல்லாருடைய பெயரையும் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். எப்போது கிடைத்த கை, எந்த நிலையம், இப்போது என்ன பழுது, இந்த மூன்றும் பக்கத்தில் வரட்டும். மாவட்டக் காரியாலயத்தில் ஒரு பெட்டி வைக்கிறோம். ரப்பர் வளையம், இரண்டு அளவுக் கேபிள், நுனித் தொப்பி, பக்கிள், வார்த் துணி, துணி உறை, தையல் மெஷின் எண்ணெய், சின்னத் திருகாணிச் சாவி. எந்த அளவு வாங்குவது என்பது உங்கள் கொப்பியைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு கிளையிலிருந்தும் கை வேலை தெரிந்த ஒருவர் வேண்டும், ஆணோ பெண்ணோ, ஒரு நாள் நிலையத்துக்குக் கூட்டிப்போய் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பழக்க ஏற்பாடு பேசிக்கொண்டிருக்கிறோம். கையை உபயோகிக்கிறவரே அந்த ஆளாக வந்தால் இன்னும் நல்லது. பெயர் கொடுக்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு முன் வரிசையில் என்னைப் பாருங்கள், கொப்பி இந்த மாதக் கடைசி வரை காரியாலயத்தில் இருக்கும்.